ஸ்போர்ட்ஸ் பைக்கில் காலு எட்டலியா? உயரத்தை குறைக்கும் முன் உஷார்!

காடாம்புலியூர்:

பைக் வாங்க ஆசை இருக்கு, பணமும் ரெடி. ஆனா ஷோரூமில் ஏறி உட்கார்ந்து பார்த்தால் காலு தரையில் எட்டவில்லை. பண்ருட்டி, காடாம்புலியூர், வடலூர், நெய்வேலி பக்கம் மட்டுமல்ல, எந்த ஊரிலும் உயரம் குறைந்த வாலிபர்களுக்கும் பெண்களுக்கும் ஸ்போர்ட்ஸ் பைக் கொடுக்கும் முதல் தலைவலி இதுதான்.

"பின்னாடி ரெண்டு பட்டியை மாத்தினா போதும், வண்டி ஒரு இஞ்ச் இறங்கிடும்" என்று யாராவது சொன்னதும் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுபவர்கள் உண்டு. இறங்குவது என்னவோ ஒரு இஞ்ச்தான். ஆனால் அந்த ஒரு இஞ்ச், ஹெட்லைட், சைடு ஸ்டாண்டு, ஹேண்டில், வளைவில் திரும்புவது என்று எல்லாவற்றிலும் கை வைக்கிறது. லாரியும் பஸ்சும் பறக்கும் நெடுஞ்சாலையில், இரவு ஷிப்டு முடித்து வீடு திரும்பும் தொழிலாளிக்கு இது உயிர் பிரச்சினை.

இது பற்றிய விவரம் வருமாறு:-

ஏறிக்கொண்டே போன சீட்

சாதாரண ஸ்பிளெண்டர் பைக்கின் சீட் உயரம் 785 மில்லி மீட்டர். யமஹா ஆர்15 பைக் 2008-ம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தபோது சீட் உயரம் 790 மி.மீ. 2011-ல் வந்த இரண்டாவது மாடலில் அது 800 ஆனது. 2018-ல் வந்த மூன்றாவது மாடலில் 815-க்கு போய்விட்டது. ஓசூரில் தயாராகும் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்ஆர் 310 பைக்கின் சீட் உயரம் 810 மி.மீ.

அதாவது பத்து வருஷத்தில் ஆர்15 சீட் ஒரு இஞ்ச் ஏறிவிட்டது. ஓட்டுபவர்களின் கால் அப்படி வளரவில்லையே! 160 சென்டி மீட்டர் உயரம் உள்ளவருக்கு கால் நீளம் ஏறக்குறைய 72 முதல் 75 செ.மீ.தான் இருக்கும். ஆள் உட்கார்ந்ததும் வண்டி கொஞ்சம் அமுங்கும், செருப்பு, ஷூவின் அடிப்பாகமும் கொஞ்சம் கை கொடுக்கும். அப்படியும் நுனிவிரல்தான் தரையை தொடும்.

ஓடும் வண்டியில் இது பிரச்சினையே இல்லை. நிற்கும்போதும், மெதுவாக வளைக்கும்போதும்தான் ஆபத்து. ஜல்லியில் நுனிக்கால் வழுக்கினால், சுமார் 140 கிலோ எடையுள்ள வண்டி அப்படியே சாய்ந்துவிடும். பக்கத்தில் லாரி வந்துகொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

செலவே இல்லாத வழி

ரெண்டு காலும் தரையில் பதிய வேண்டும் என்று அவசியம் இல்லை. ஒரு கால் முழுசாக பதிந்தாலே வண்டி நிற்கும். நிறுத்தும்போது இடுப்பை லேசாக இடது பக்கம் நகர்த்தி, இடது பாதத்தை முழுசாக ஊன்ற வேண்டும். வலது கால் பின் பிரேக்கிலேயே இருக்கட்டும்.

இன்னொரு விஷயம். நம் ரோடுகள் மழைத்தண்ணி வடிய இடது ஓரம் சரிந்திருக்கும். தார் முடியும் விளிம்பில் நிறுத்தினால், கால் வைக்கும் இடம் இன்னும் பள்ளமாகிவிடும். அதனால் தார் மேலேயே, சமமான இடம் பார்த்து நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம்.

உயரம் குறைந்தவர்களுக்கு ஸ்போர்ட்ஸ் பைக் லாயக்கில்லை என்பதும் வீண் பேச்சு. ஸ்பெயின் நாட்டு பந்தய வீரர் டானி பெட்ரோசாவின் உயரம் 160 செ.மீ. அளவுதான். அவர் 2003-ல் 125 சி.சி. பிரிவிலும், 2004, 2005-ல் 250 சி.சி. பிரிவிலும் உலக சாம்பியன் ஆனார். அப்புறம் மோட்டோ ஜி.பி. பந்தயங்களில் 31 முறை ஜெயித்தார்.

சீட்டில் கை வைப்பதே மேல்

பழகியும் முடியவில்லை என்றால் அடுத்த வழி சீட். சீட் தைக்கும் கடையில் உள்ளே இருக்கும் பஞ்சை செதுக்கி 1 முதல் 2 செ.மீ. வரை குறைக்கலாம். முன்பக்கம், தொடை படும் இடத்தில் அகலத்தை குறைத்தால் இன்னும் நல்லது. அகலமான சீட்டில் தொடை வெளியே விரிவதால்தான் கால் எட்டாமல் போகிறது.

இதில் பைக்கின் இரும்பு பாகம் எதுவும் மாறுவதில்லை. பிடிக்கவில்லை என்றால் பழைய சீட்டை திரும்ப மாட்டிக்கொள்ளலாம். அளவுக்கு மீறி பஞ்சை எடுத்தால் மட்டும் நீண்ட தூரம் ஓட்டும்போது இடுப்பு வலி வரும்.

கம்பெனிகளும் இந்த வழியில் போகின்றன. ராயல் என்பீல்டு ஹிமாலயன் 450 பைக்கின் சீட் உயரம் 825 மி.மீ. குட்டையானவர்களுக்கு 805 மி.மீ. சீட் தனியாக கிடைக்கிறது.

பட்டி மாற்றினால் என்ன ஆகும்?

பின் ஷாக்குடன் இணையும் சின்ன இரும்பு பட்டிகளுக்கு பெயர் 'லிங்க்'. இதை நீளமானதாக மாற்றினால் பின்பக்கம் இறங்கும். ஆர்15 போல லிங்க் உள்ள வண்டிகளில்தான் இது நடக்கும். கே.டி.எம். ஆர்.சி. போன்ற வண்டிகளில் ஷாக் நேரடியாக மாட்டப்பட்டிருக்கும், லிங்க் கிடையாது. அங்கே ஷாக்கையே மாற்ற வேண்டும்.

பின்பக்கம் மட்டும் ஒரு இஞ்ச் இறங்கினால், வண்டி முழுவதும் சுமார் ஒரு டிகிரி பின்னால் சாயும். கேட்க சின்ன விஷயமாக தெரியலாம். ஆனால் ஹெட்லைட்டும் அதே ஒரு டிகிரி மேலே தூக்கும். 50 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் ஏறக்குறைய 90 செ.மீ. உயர்ந்துவிடும். ரோட்டில் இருக்கும் பள்ளம் தெரியாது, எதிரே வருபவரின் கண்தான் கூசும்.

ஹேண்டில் திரும்புவதும் மந்தமாகும். சைடு ஸ்டாண்டு நீளமாகிப்போய் வண்டி நிமிர்ந்து நிற்கும், லேசாக தட்டினாலே மறுபக்கம் விழும். செயின் தளர்ச்சியும் மாறும். பின்னால் ஆள் ஏறி பள்ளத்தில் இறங்கினால் டயர் மேலே போய் உரசவும் வாய்ப்பு உண்டு.

இதை சரிக்கட்ட, முன் போர்க் குழாய்களை கிளாம்ப்பில் மேலே ஏற்றி முன்பக்கத்தையும் அதே அளவு இறக்குவார்கள். சாய்மானம் சரியாகும். ஆனால் பிரேக் பிடித்து முன்பக்கம் முழுசாக அமுங்கும்போது, வீல் எங்கேயும் இடிக்கக்கூடாது. இந்திய சாலை விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். நம்ம ஊரில் குறுகலாக, செங்குத்தாக போட்ட தடைகளுக்கு பஞ்சமில்லை. வண்டி இறங்கினால் அடிவயிறு உரசும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே 2019-ல் வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் கிடைக்கலாம். விபத்து நடந்தால், "வண்டியை மாற்றியிருக்கிறீர்கள்" என்று இன்சூரன்ஸ் பணத்திலும் சிக்கல் வரலாம்.

அதனால் லிங்க், ஷாக், போர்க் என்று இறங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

எது முதலில்?

முதலில் ஒரு கால் ஊன்றி பழகுவது. அப்புறம் கனமான அடிப்பாகம் உள்ள ஷூ. அதற்கு அப்புறம் சீட். இந்த மூன்றுக்கும் பிறகும் நுனிவிரல்தான் தொடுகிறது என்றால், சீட் தாழ்வான வேறு மாடலை பார்ப்பதே உத்தமம். 795 மி.மீ. சீட் உள்ள சுசுகி ஜிக்சர் எஸ்.எப்., 780 மி.மீ. சீட் உள்ள கவாசாகி நிஞ்சா 300 போன்ற வண்டிகளும் ஸ்போர்ட்ஸ் பைக் தோற்றத்தில்தான் இருக்கின்றன.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, தினமும் போடும் செருப்பு அல்லது ஷூவோடு ஷோரூமுக்கு போய், வண்டியில் உட்கார்ந்து, தள்ளி, வளைத்து பார்த்துவிட வேண்டும். அந்த பத்து நிமிஷ சோதனைக்கு காசு கிடையாது.