கச்சான் கடையில் கிடைத்த மன்னர் தலைக் காசு

வற்றாப்பளை அம்மன் பொங்கல் முடிந்த மறு வாரம் எமது பெண்கள் சிறுசேமிப்புக் குழுவின் கூட்டம் நடைபெற்றது. கச்சான் விற்கும் அக்கா ஒருவர் அன்று தனது சேமிப்புப் பணத்தைச் சில்லறையாகவே கொண்டு வந்திருந்தார். பொங்கல் இரவில் கோயில் வீதியில் சாக்கு விரித்து விற்றதில் சேர்ந்த குற்றிகள் அவை. எண்ணி அடுக்கும்போது ஐந்து ரூபாக் குற்றிகளுக்கு நடுவே ஒன்று வேறாகத் தெரிந்தது. நிறம் அதே மஞ்சள்தான், ஆனால் அளவில் சற்றுச் சிறியது. ஒரு பக்கத்தில் முடி சூடிய மன்னர் ஒருவரின் தலை இருந்தது. மறுபக்கத்தில் 1943 என்று ஆண்டு இருந்தது.

“இருட்டுக்குள்ள ஆரோ அஞ்சு ரூபா எண்டு தந்திட்டுப் போட்டினம் பிள்ளை. எனக்கு அஞ்சு ரூபா நட்டம்” என்றார் அக்கா.

நான் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “நட்டமில்லை அக்கா, இது வெள்ளைக்காரன் காலத்துக் காசு. நல்ல விலை போகும்” என்று சொன்னேன். அவரை ஆறுதல்படுத்த வேண்டும் என்பதற்காகச் சொன்னதே தவிர, காசைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அந்த ஒரு வார்த்தையால் என்ன நடந்தது என்பதைச் சகோதரிகளோடு பகிர்ந்து கொள்ளவே இதை எழுதுகிறேன்.

இரண்டு வாரங்கள் கழித்து அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவரது காதில் தோடு இல்லை. வேப்பங்குச்சி செருகியிருந்தார். “என்னக்கா, தோடு எங்கே?” என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு மெதுவாகச் சொன்னார். மருமகன் முறையான பொடியன் ஒருவன் காசைப் படம் பிடித்துத் தொலைபேசி வழியாகப் பலருக்கும் அனுப்பியிருக்கிறான். மறுநாள் யாரோ ஒருவர் நல்ல தமிழில் பேசினாராம். இந்தக் காசுக்குப் பதினைந்து இலட்சம் ரூபா தருவதாகவும், அதற்கு முன் பதிவுக் கட்டணமாக 12,500 ரூபா அனுப்ப வேண்டும் என்றும் கூறினாராம். நம்பிக்கைக்காக அடையாள அட்டை ஒன்றின் படத்தையும் அனுப்பியிருந்தார். அக்கா தோட்டை அடைவு வைத்துக் காசு எடுத்துவிட்டார். அன்று பின்னேரம் அனுப்புவதாக இருந்தது.

“நீங்கள்தானே பிள்ளை சொன்னனீங்கள், நல்ல விலை போகுமெண்டு” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2009ஆம் ஆண்டில் எல்லாவற்றையும் இழந்து, மீள்குடியேறிய பின் கச்சான் வறுத்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அந்தத் தோடுதான் அவரிடம் மிஞ்சியிருந்த பொன். “அக்கா, இன்றைக்கு அனுப்ப வேண்டாம். மூன்று நாள் தாருங்கள். இது என்ன காசு என்று விசாரித்துச் சொல்கிறேன்” என்று கேட்டுக்கொண்டேன். அவர் சம்மதித்தார்.

முதலில் காசில் உள்ளதை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தோம். மன்னரின் தலையைச் சுற்றி ஆறாம் ஜோர்ஜ் என்ற பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. அவர் 1936 முதல் 1952 வரை ஆட்சியில் இருந்தவர். மறுபக்கத்தில் ‘சிலோன்’ என்று ஆங்கிலத்திலும், ஐம்பது சதம் என்ற பெறுமதி தமிழிலும் சிங்களத்திலும் இருந்தது. 1870ஆம் ஆண்டுத் திகதியிட்ட செப்புச் சதங்களிலேயே தமிழ் எழுத்து உண்டு என்பதை அக்கா அன்றுதான் அறிந்தார். நானும் அன்றுதான் அறிந்தேன்.

அடுத்து உலோகத்தைப் பார்த்தோம். 2005 முதல் வந்த மஞ்சள் நிற ஒரு ரூபா, ஐந்து ரூபாக் குற்றிகள் பித்தளை பூசிய உருக்கு. அவற்றைக் காந்தம் இழுக்கும். பழுதான வானொலிப் பெட்டியில் இருந்து கழற்றிய காந்தத்தை வைத்துப் பார்த்தோம். ஐந்து ரூபா பாய்ந்து ஒட்டியது. மன்னர் தலைக் காசு அசையவில்லை. அது நிக்கல் கலந்த பித்தளை. வெள்ளியைக் காந்தம் இழுக்காது, செம்பையும் இழுக்காது. ஆகவே காந்தம் ஒட்டவில்லை என்பதால் மட்டும் காசு விலை உயர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. உருக்குக் காசைப் பிரித்தறிய மட்டுமே இச்சோதனை உதவும்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். 1942ஆம் ஆண்டு ஐம்பது சதம் வெள்ளி கலந்தது. அதன் நிறை ஏறத்தாழ 5.8 கிராம். அதில் 55 சதவீதம், அதாவது மூன்று கிராமுக்குச் சற்று மேல், வெள்ளி. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943இல் அதே ஐம்பது சதம் பித்தளையாக வந்தது. அக்காவின் காசு ஒரேயொரு ஆண்டால் வெள்ளியைத் தவறவிட்டிருந்தது.

மூன்றாவதாக விலையைக் கேட்டோம். பகல் வெளிச்சத்தில் இரு பக்கமும் படம் எடுத்தோம். அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாவையும் வைத்தோம். யாழ்ப்பாணத்தில் காசு சேகரிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பழைய பொருள் விற்கும் கடைக்காரர் ஒருவர், கொழும்பில் நாணய வியாபாரம் செய்பவர் ஒருவர் என மூவரிடம் விசாரித்தோம். மூவரும் சொன்ன விலை நூறு ரூபாவுக்கும் இருநூற்றைம்பது ரூபாவுக்கும் இடைப்பட்டது. பதினைந்து இலட்சம் எங்கே, இருநூற்றைம்பது ரூபா எங்கே!

ஆசிரியர் பொறுமையாக விளக்கினார். காசு பழையது என்பதற்காக மட்டும் விலை கூடுவதில்லை. எத்தனை அச்சிடப்பட்டன, இன்று எத்தனை மிஞ்சியுள்ளன, தேய்மானம் எவ்வளவு, அதைத் தேடுவோர் உண்டா என்பவைதான் விலையைத் தீர்மானிக்கின்றன. 1943ஆம் ஆண்டு ஐம்பது சதம் இலட்சக்கணக்கில் அச்சிடப்பட்டது. போதாக்குறைக்கு அக்கா அதைப் பழப்புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்திருந்தார். குத்துவிளக்குக்கு அது அழகு. சேகரிப்பவரோ தேய்த்த காசை விரும்பமாட்டார். காலத்தால் படிந்த நிறமும் மேற்பரப்பும் போய்விட்டால் விலை பாதியாகக்கூடக் குறைந்துவிடும்.

ஆகவே உங்கள் சில்லறைக்குள் புதுமையான காசு அகப்பட்டால் தேய்க்க வேண்டாம். ஓரத்தில் பிடித்துக் கடதாசி உறையில் போட்டு வையுங்கள். நகைக்கடையில் உரைகல்லில் உரசவோ அரத்தால் சுரண்டவோ விட வேண்டாம். நிறுத்துப் பார்ப்பதே போதும். மூன்று பேரிடம் விலை கேளுங்கள். வாங்குபவர் உங்களுக்குக் காசு தரவேண்டுமே தவிர, விற்கும் நீங்கள் அவருக்குக் கட்டணம் கட்டுவது எந்த வியாபாரத்திலும் இல்லை. இத்தகைய மோசடிக்காரர்கள் தனது பெயரைப் பயன்படுத்திக் கட்டணம் கேட்கிறார்கள் என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2021இல் மக்களை எச்சரித்தது.

எதை எடுத்து வைப்பது என்றும் கேட்பீர்கள். 1942உம் அதற்கு முந்தியதுமான வெள்ளி ஐம்பது சதங்களை வைத்திருங்கள். பழைய பெட்டகங்களில் சிலவேளை 1957ஆம் ஆண்டு புத்த ஜயந்தி ஐந்து ரூபா அகப்படும். அது 28 கிராம் நிறையுள்ள பெரிய வெள்ளிக் காசு. அதை வெறும் ஐந்து ரூபாவாகக் கொடுத்துவிடாதீர்கள். 1998இல் வந்த இரு உலோகப் பத்து ரூபா, 1999இல் வந்த கிரிக்கெட் ஐந்து ரூபா, 2013ஆம் ஆண்டின் 25 மாவட்டங்களுக்கான பத்து ரூபாக் குற்றிகள் முதலியவற்றைப் பிள்ளைகள் சேர்த்து வைக்கலாம். அவை பெருமளவில் வெளியிடப்பட்டவை. பெரும் பணத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

காணி துப்புரவாக்கும்போது மண்ணுக்குள் கிடைக்கும் காசு வேறு விடயம். நந்தியும் ‘சேது’ என்ற தமிழ் எழுத்தும் கொண்ட யாழ்ப்பாண அரசர் காலத்துச் செப்புக் காசுகளும், ஒல்லாந்தர் காலத்துக் காசுகளும் எமது பகுதிகளில் கிடைத்துள்ளன. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, இவ்வாறு கண்டெடுக்கப்படும் தொல்பொருட்கள் அரசுக்குரியவை. கிராம அலுவலருக்கு அறிவித்து, அவர் மூலம் தொல்பொருள் திணைக்களத்துக்குத் தெரியப்படுத்துங்கள். காசு தேடுவதற்கென்று மண்ணைக் கிளறவே வேண்டாம். கண்ணிவெடி அகற்றப்படாத இடம் என்றால் அது உயிருக்கே ஆபத்து.

அக்கா மறுநாளே வட்டியோடு காசைக் கட்டித் தோட்டை மீட்டுவிட்டார். அந்த வட்டியை நான் தருகிறேன் என்றபோது மறுத்துவிட்டார். தொலைபேசிக்காரர் இன்னும் இரண்டு தடவை பேசினாராம். “கட்டணத்தை அந்தப் பதினைஞ்சு இலட்சத்திலேயே கழிச்சுப்போட்டு மிச்சத்தைத் தாங்கோ எண்டு சொன்னன். பிறகு எடுக்கேல்லை” என்று சொல்லிச் சிரித்தார்.

காசை அவர் விற்கவில்லை. “இருநூற்றைம்பது ரூபா ரெண்டு நாளில முடிஞ்சிடும். இது இருக்கட்டும் பிள்ளை. இனி ஆரும் ஆசை காட்டினால் இதை எடுத்துப் பாப்பன்” என்று கச்சான் டப்பாவின் அடியில் போட்டு வைத்திருக்கிறார்.

இப்போது எமது குழுவில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். முன்பின் அறியாத ஒருவருக்குப் பணம் அனுப்புவதாக இருந்தால் முதலில் குழுவில் இருவருக்காவது சொல்ல வேண்டும். எனக்கும் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். தெரியாத விடயத்தை யாராவது கேட்டால், “எனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்” என்றே சொல்கிறேன்.