மண்ணுக்குள் பத்து மாதத் தூக்கம்!

கடலூர் மாவட்டத்து மானாவாரிக் கொல்லைகளில் மணிலா முளைத்து நிற்கிறது. ஒரு நல்ல மழை பெய்கிறது. இரண்டு மூன்று நாளில் வெள்ளை அந்துப் பூச்சிகள் பறக்கின்றன. அதற்கு முன் ஒன்றைக்கூடக் காணோம். எங்கிருந்து வந்தன?

காலடி மண்ணிலிருந்துதான்!

இந்தப் பூச்சி இலைக்கு அடியில் நூற்றுக்கணக்கில் முட்டை இடும். அவற்றிலிருந்து வருபவைதான் சிவப்புக் கம்பளிப் புழுக்கள். பட்டாளம்போல் கொல்லைக்குக் கொல்லை போய் இலைகளைத் தின்று தீர்க்கும். தண்டுதான் மிஞ்சும்.

சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை

வளர்ந்த புழு வரப்போரத்திலும் மரத்தடியிலும் மண்ணுக்குள் புகுந்து கூட்டுப் புழு ஆகிறது. அடுத்த வருஷ மழை வரும்வரை, ஏறக்குறைய பத்து மாதம், எதுவும் உண்ணாமல் உறங்குகிறது. கோடை வெயிலிலும் சாவதில்லை!

இந்தத் தூக்கத்துக்கு ‘டயபாஸ்’ என்று பெயர். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் விவசாயம் படிக்கும் மாணவர்களுக்கு இது ஒரு பாடம்.

எழுப்பும் மூளை

1940-களில் அமெரிக்க விஞ்ஞானி கரோல் வில்லியம்ஸ் ஒரு சோதனை செய்தார். பட்டுப்பூச்சி இனத்தைச் சேர்ந்த ஒரு கூட்டுப் புழு உறங்கிக்கொண்டிருந்தது. குளிரில் வைத்திருந்த வேறொரு கூட்டுப் புழுவின் மூளையை அதன் உடலில் பொருத்தினார். அது விழித்துப் பூச்சியாக வளர்ந்தது! மூளையில் சுரக்கும் ஹார்மோன்தான் எழுப்புகிறது என்று தெரிந்தது.

சரி, தூங்கும்போது உடம்பைக் காப்பது யார்? ஜீன்கள். உடம்பு எப்படி நடக்கவேண்டும் என்ற கட்டளைகள் இவை. வீட்டு விளக்குகளைப்போல், சில எரியும், சில அணைந்திருக்கும்.

1998-ல் அமெரிக்காவில் டென்லிங்கர் குழுவினர் ஒருவகை ஈயின் கூட்டுப் புழுவை ஆராய்ந்தார்கள். அது உறங்கும்போது, உயிரணுக்களைப் பெருக்கும் ஜீன் ஒன்று அடங்கிக் கிடந்தது. உடம்பின் புரதங்கள் கெடாமல் காக்கும் ஜீன் ஒன்றோ மும்முரமாக வேலை செய்தது. வீட்டார் தூங்கினாலும் காவல்காரன் தூங்கவில்லை!

தூங்கும்போதே பிடியுங்கள்!

இந்தத் தூக்கம்தான் புழுவின் பலம். பலவீனமும் அதுவே. தூங்குகிறவன் ஓட முடியாது அல்லவா?

சித்திரையில் கோடை உழவு ஓட்டினால் கூட்டுப் புழுக்கள் மேலே வந்துவிடும். காக்கையும் மைனாவும் கொத்தித் தின்னும். மற்றவை வெயிலில் காய்ந்து சாகும். ஏர் எட்டாத வரப்போரத்தையும் மரத்தடியையும் மண்வெட்டியால் கொத்திவிட வேண்டும்.

ஒருவர் மட்டும் உழுதால் போதாது. பக்கத்துக் கொல்லைப் புழு நம் கொல்லைக்கு நடந்து வரும். ஆகையால் ஊரே சேர்ந்து உழவேண்டும். சித்திரைப் புழுதி தங்கம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?