ஒஸ்லோவில் வரிக்கணக்கு: நிரப்பித் தரும் படிவத்தில் நிரம்பாத கட்டங்கள்

நோர்வேயில் வரி செலுத்துபவரின் ஆண்டறிக்கையை முதலில் எழுதுவது அரசு. மாதந்தோறும் தொழில்தருநர் அனுப்பும் சம்பள விவரம், வங்கிகள் தெரிவிக்கும் வட்டியும் கடன் மீதியும், குழந்தைகள் பராமரிப்பு நிலையத்திற்குக் கட்டிய பணம், தொழிற்சங்கச் சந்தா ஆகியவற்றையெல்லாம் திரட்டி, ஸ்கத்தெமெல்டிங் எனப்படும் வரி அறிக்கையை வரித்திணைக்களம் நிரப்பி, மார்ச் மாதத்தில் ஒவ்வொருவருக்கும் இணையவழி அனுப்பிவைக்கிறது. சம்பளம் பெறுவோரும் ஓய்வூதியரும் ஏப்ரல் 30ஆம் தேதிக்குள் அதைச் சரிபார்க்க வேண்டும். திருத்த எதுவும் இல்லையென்றால் அவர்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. 2008 முதல் அவர்களுடைய மௌனமே சம்மதமாகக் கொள்ளப்படுகிறது. இவ்வளவு வசதி செய்துதரும் நாட்டில் வரிக்கணக்குப் பார்த்துக் கொடுப்பவர்களுக்கு என்ன வேலை இருக்க முடியும் என்ற கேள்வி இயல்பாகவே எழும். ஆனால் ஒஸ்லோவின் குரூருட் பள்ளத்தாக்குப் பகுதியிலும் அதைச் சுற்றியும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்காகக் கணக்கெழுதும் சிறு அலுவலகங்கள், பெரும்பாலும் ஒருவரோ இருவரோ நடத்துபவை, மார்ச் முதல் மே வரை ஓய்வின்றி இயங்குகின்றன. அரசின் கண்ணுக்குத் தானாகத் தெரியாதவை எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் அவர்களுடைய வேலை தொடங்குகிறது. புலம்பெயர்ந்த குடும்பம் ஒன்றின் வாழ்வில் அப்படிப்பட்டவை ஏராளம்.

இத்தொழிலைச் செய்பவர் யார் என்பதை முதலில் தெளிவுபடுத்துவது நல்லது. கணக்கேடு பேணச் சட்டப்படி கடமைப்பட்ட வணிகர்களுக்காகத் தொழில்முறையில் கணக்கெழுதுபவர் அரச அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும் என்ற விதியை 1993ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்தது. 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அந்த அங்கீகாரத்தைத் தொடர்கிறது. பட்டப்படிப்பும் தொழில் அனுபவமும் உள்ளவருக்கே அது கிடைக்கும், நிதி மேற்பார்வை ஆணையமான ஃபினான்ஸ்தில்சூனெ அவரைக் கண்காணிக்கும். வணிகம் ஏதும் இல்லாத ஒரு சம்பளக்காரரின் அறிக்கையைப் பார்த்துத் தருவதற்கு இந்த அங்கீகாரம் கேட்கப்படுவதில்லை. ஆகவே ஒரே சமூகத்திற்குள் அங்கீகாரம் பெற்ற கணக்காளரும், படிவம் நிரப்பத் தெரிந்த உறவினரும் அருகருகே செயற்படுகிறார்கள். வாடிக்கையாளருக்கு இருவருக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் புலப்படுவதில்லை. தவறு நேர்ந்தால் அதன் சுமை யாருடையது என்பதும் பலருக்குத் தெரியாது: படிவத்தை யார் நிரப்பினாலும், அதிலுள்ள விவரங்களுக்குச் சட்டத்தின் முன் பொறுப்பாளி வரி செலுத்துபவரே.

அதிகம் கேட்கப்படும் கேள்விகளில், மிகக் கடினமானவை ஊரில் உள்ள சொத்தைப் பற்றியவை. நோர்வேயில் வரிக்குரிய வதிவிடம் கொண்டவர் உலகில் எங்கே ஈட்டிய வருமானத்தையும், எங்கே வைத்திருக்கும் சொத்தையும் அங்கே தெரிவிக்கக் கடமைப்பட்டவர். இந்தியா 2015இல் கைவிட்ட செல்வ வரி நோர்வேயில் இன்றும் உண்டு. 2025ஆம் ஆண்டில் ஒருவரின் நிகரச் சொத்து 17 இலட்சத்து 60 ஆயிரம் குறோனரைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று வரி விழும். ஒஸ்லோ வீட்டின் மதிப்பில் ஒரு பகுதியே கணக்கில் எடுக்கப்படுவதாலும் கடன் கழிக்கப்படுவதாலும் பெரும்பாலான குடும்பங்கள் அந்த எல்லைக்குள் நின்றுவிடுகின்றன. இதை வைத்து, வரி வராது என்றால் ஏன் எழுத வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்பார். தெரிவிக்கும் கடமையும் வரி கட்டும் கடமையும் வெவ்வேறானவை என்பதைக் கணக்காளர் ஆண்டுதோறும் புதிதாக விளக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து வருவது மதிப்பு பற்றிய சிக்கல். யாழ்ப்பாணத்தில் தாய் தந்தையர் விட்டுச்சென்ற காணி நான்கு சகோதரர்களுக்குப் பொதுவாக இருக்கும். உறுதி இன்னும் தகப்பனார் பெயரிலேயே இருக்கும். ஒருவர் கனடாவிலும் ஒருவர் இலண்டனிலும் இருப்பார்கள். தேசவழமைச் சட்டத்தின் கீழ் மனைவிக்குச் சீதனமாக வந்த காணி மனைவியுடையது. ஆனால் குடும்பத்தில் அதைப் பற்றிப் பேசுபவர் கணவராகவே இருப்பார். வலிகாமம் வடக்கில் 1990 முதல் பல்லாண்டுகள் இராணுவக் கட்டுப்பாட்டில் இருந்த, உரிமையாளர் கால் வைக்கவே முடியாதிருந்த நிலத்திற்குச் சந்தை மதிப்பு என்று எதை எழுதுவது? நோர்வேப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை. உள்ளது ஒரே ஒரு தொகைக்கான இடம்தான். இத்தகைய நிலையில் பொறுப்புள்ள கணக்காளர் செய்யக்கூடியது, உறுதியின் பிரதி, பங்கு பற்றிய விளக்கம், அந்நிலத்தின் நிலைமை ஆகியவற்றைத் திரட்டி, எந்த அடிப்படையில் தொகை கணிக்கப்பட்டது என்பதை அறிக்கையுடன் எழுத்தில் இணைப்பது. உண்மையை மறைக்காமல் எழுதிய மதிப்பீடு பின்னர் மாற்றப்படலாம்; எழுதாமல் விட்டதோ வேறு வகையாக நோக்கப்படும்.

காணியைப் போலவே வங்கி வைப்பும் கேள்விகளைக் கொண்டுவருகிறது. கொழும்பிலோ சென்னையிலோ உள்ள நிரந்தர வைப்பில் கிடைக்கும் வட்டிக்கு அங்கேயே வரி பிடித்துவிட்டார்கள், மறுபடியும் ஏன் இங்கே கட்ட வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. நோர்வேக்கு இந்தியாவுடனும் இலங்கையுடனும் இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கைகள் உள்ளன; இந்தியாவுடனான இப்போதைய உடன்படிக்கை 2011இல் கையெழுத்தானது. ஒரே வருமானத்திற்கு இரு நாடுகளும் முழு வரி அறவிடாதிருக்கவே இவை செய்யப்பட்டன. பொதுவாக, வெளிநாட்டில் கட்டிய வரியை நோர்வேயில் கட்ட வேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆனால் கட்டியதற்கான சான்று வேண்டும். அந்தச் சான்றைத் தேடிப் பெறுவதிலேயே ஏப்ரல் மாதம் கழிந்துவிடுகிறது. பெற்றோரிடமிருந்து பணம் வந்தால் வரி உண்டா என்பது இதற்கு நேர்மாறான கேள்வி. நோர்வே மரபுரிமை வரியை 2014இல் நீக்கிவிட்டதால் கொடையாகவோ முதுசமாகவோ வரும் பணத்திற்கு வரி இல்லை. எனினும் நாட்டின் எல்லையைக் கடக்கும் வங்கிப் பரிமாற்றங்கள் நாணயப் பதிவேட்டில் இடம்பெறுகின்றன, அதை வரித்திணைக்களம் பார்க்க முடியும். எனவே வந்த பணம் எங்கிருந்து வந்தது என்று காட்டும் ஒரு கடிதத்தையேனும் வைத்திருப்பது நல்லது.

சீட்டும் கைமாற்றுக் கடனும் இன்னொரு சிக்கல். நோர்வேயில் கடன் வட்டி முழுவதையும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த சலுகை. 22 விழுக்காட்டு வரியில் அது பெரிய தொகை. வங்கிக் கடனுக்கு இது தானாகவே படிவத்தில் வந்துவிடும். மைத்துனரிடம் வாங்கிய கடனுக்கு வட்டி கழிக்க விரும்புபவர் அதைத் தாமே எழுத வேண்டும். எழுதினால் அதே தொகை மைத்துனரின் அறிக்கையில் வருமானமாக வர வேண்டும். இதை விளக்கியதும் பல குடும்பங்கள் அந்தக் கோரிக்கையைக் கைவிடுகின்றன. ஊருக்கு அனுப்பும் பணத்தைக் கழிக்க முடியுமா என்பதும் ஆண்டுதோறும் வரும் கேள்வி. முடியாது. அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்குத் தரும் நன்கொடைக்கு மட்டுமே, அதுவும் ஆண்டுக்கு 500 குறோனர் தொடங்கி ஒரு வரம்பு வரை, கழிவு உண்டு.

வீடு தொடர்பான கேள்விகளில் விடை எளிதாகத் தெரிந்தாலும் பொறி மறைந்திருக்கும். தாம் வாழும் வீட்டின் நிலவறை அறையை வாடகைக்கு விடுபவர், வீட்டின் பாதியையேனும் தாமே பயன்படுத்தினால் அந்த வாடகைக்கு வரி இல்லை. இங்கே பாதி என்பது பரப்பளவால் கணிக்கப்படுவதில்லை, வாடகைப் பெறுமதியால் கணிக்கப்படுகிறது. ஆகவே சிறிதாயினும் தனி வாசலும் சமையலறையும் உள்ள பகுதி எதிர்பார்த்ததைவிட அதிகப் பங்கைப் பிடிக்கலாம். விற்பனையிலும் இதே கவனம் தேவை. ஓராண்டுக்கு மேல் சொந்தமாக வைத்திருந்து, விற்பதற்கு முந்திய இரண்டாண்டுகளில் ஓராண்டேனும் அங்கே வாழ்ந்தவருக்கு இலாபத்தில் வரி இல்லை. மகன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது தங்குவதற்கென்று தந்தை தம் பெயரில் வாங்கிய அடுக்குமாடி வீட்டை விற்கும்போது, அங்கே வாழ்ந்தவர் மகன், உரிமையாளர் தந்தை; இலாபம் முழுவதும் வரிக்குட்படும். கணக்காளரிடம் இந்தக் கேள்வி வருவது பெரும்பாலும் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திட்ட பிறகுதான்.

ஓய்வு பெற்றதும் யாழ்ப்பாணத்தில் போய் இருக்கலாமா, அப்போது நோர்வே வரி நின்றுவிடுமா என்ற கேள்வி இப்போது பெருகி வருகிறது. எண்பதுகளில் மக்கள் உயர்கல்விப் பள்ளிகளுக்கு மாணவராக வந்தவர்களும், வடக்கே ஃபின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் உழைத்துப் பின்னர் தலைநகருக்கு இறங்கியவர்களும் இன்று அந்த வயதை எட்டியிருக்கிறார்கள். பத்தாண்டுகளுக்கு மேல் நோர்வேயில் வாழ்ந்தவரின் வரி வதிவிடம் புறப்பட்ட நாளில் முடிவதில்லை: வெளியேறிய ஆண்டை அடுத்து வரும் மூன்று ஆண்டுகளிலும், ஆண்டுக்கு 61 நாளுக்கு மேல் நோர்வேயில் தங்காமலும், தமக்கோ நெருங்கிய குடும்பத்தினருக்கோ அங்கே வசிக்க வீடு இல்லாமலும் இருந்தால்தான் அது முடிவுறும். பேரக்குழந்தைகளைப் பார்க்கக் கோடையில் வருவதற்கென்று ஒஸ்லோ வீட்டை விற்காமல் வைத்திருக்கும் தாத்தாவுக்கு இந்த விதி கசப்பாக இருக்கும். அதை மென்மையாக, ஆனால் மழுப்பாமல் சொல்வது கணக்காளரின் கடமைகளில் கடினமான ஒன்று.

சிறு வணிகர்களின் கேள்விகள் வேறு வகையானவை. டாக்சி ஓட்டுபவர், துப்புரவுப் பணி எடுப்பவர், திருமணங்களுக்குச் சமைத்துக் கொடுப்பவர் ஆகியோர் பெரும்பாலும் தனிநபர் நிறுவனமாகத் தொடங்குகிறார்கள். பன்னிரண்டு மாதங்களுக்குள் விற்பனை 50,000 குறோனரைக் கடந்ததும், மொம்ஸ் என்று அழைக்கப்படும் பெறுமதி சேர் வரிக்குப் பதிய வேண்டும். விகிதம் பொருளுக்குப் பொருள் மாறும்: பொதுவாக 25 விழுக்காடு, உணவுப் பொருளுக்கு 15, பயணிகள் போக்குவரத்துக்கு 12. கொத்துரொட்டியைக் கடையிலேயே அமர்ந்து உண்டால் 25, பொதியாக வாங்கிச் சென்றால் 15. விற்கும் நொடியில் பணப்பெட்டியில் எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்பதிலிருந்தே கணக்கு உருவாகிறது. அதை ஆறு மாதம் கழித்து யாராலும் மீட்டெடுக்க முடியாது. 10,000 குறோனருக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவைக் கழிக்க முடியாது என்ற விதியும், பற்றுச்சீட்டுகளை ஐந்தாண்டு பேண வேண்டும் என்ற விதியும் பழக்கத்திற்கு எதிரானவை என்பதால் மீண்டும் மீண்டும் மீறப்படுகின்றன.

வணிகம் வளர்ந்ததும் ஆஎஸ் எனப்படும் பங்கு நிறுவனமாக மாற்றிக்கொள்பவர்களிடம் ஒரு தவறான எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது: நிறுவனம் என்னுடையது, எனவே அதன் பணமும் என்னுடையது. சட்டம் நிறுவனத்தைத் தனி ஆளாகக் கருதுகிறது. உரிமையாளர் நிறுவனக் கணக்கிலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுக்கும் பணம், அது கடன் என்று எழுதப்பட்டாலும், 2015 அக்டோபர் 7ஆம் தேதியிலிருந்து இலாபப் பங்காகவே வரியிடப்படுகிறது. அவ்வரி 2025இல் 37.84 விழுக்காடு. மகளின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு மண்டபக் கட்டணத்தை நிறுவன அட்டையால் கட்டியவர், அடுத்த ஆண்டு கணக்கு முடிக்கும்போதுதான் இதை அறிகிறார். ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே கணக்காளரைச் சந்திக்கும் வழக்கம் இழப்பைத் தருவது இத்தகைய இடங்களில்தான்.

உறவும் தொழிலும் கலப்பது கணக்காளருக்கே உரிய நெருக்கடி. கோயிலிலும், திருமண வீட்டிலும், தமிழ்ப் பாடசாலை வாசலிலும் சிறிய கேள்வி என்று தொடங்குவது அரைமணி நேரம் நீளும். அண்ணை என்று அழைத்துக் கேட்பவரிடம் அவரால் கட்டணம் பேச முடிவதில்லை. அந்த அரைமணியில் ஆவணம் எதையும் பார்க்காமல் சொன்ன விடை பின்னர் அவருடைய பெயரில் ஊர் முழுக்கச் சுற்றும். இதைவிட ஆபத்தானது, வங்கி வழங்கும் மின்னணு அடையாளமான பாங்க்ஐடியையும் கடவுச்சொல்லையும் கணக்காளரிடம் ஒப்படைத்துவிட்டு நீங்களே பார்த்துச் செய்யுங்கள் என்று சொல்லும் பழக்கம். அந்த அடையாளத்தைக் கொண்டு வீட்டுக் கடனே எடுக்க முடியும். அதைப் பிறரிடம் கொடுப்பது வங்கியுடனான ஒப்பந்தத்தை மீறுவது. அரசின் இணையத் தளமான அல்தினில், வரி அறிக்கையைப் பார்க்கவும் நிரப்பவும் மட்டும் இன்னொருவருக்கு உரிமை வழங்க வழி உண்டு. சில நிமிடங்களில் செய்யக்கூடிய அந்த ஏற்பாட்டை வற்புறுத்தாத கணக்காளரிடம் எந்தக் குடும்பமும் போகக்கூடாது.

பணச்சலவைத் தடுப்புச் சட்டம் அங்கீகாரம் பெற்ற கணக்காளரின் தோளில் இன்னொரு பாரத்தை ஏற்றியிருக்கிறது. பணத்தின் மூலம் குறித்து ஐயம் எழுந்து அது விலகாவிட்டால், பொருளாதாரக் குற்றங்களை விசாரிக்கும் எக்கோக்கிரிம் அமைப்புக்கு அவர் அறிவிக்க வேண்டும். அறிவித்ததை வாடிக்கையாளரிடம் சொல்லவும் கூடாது. அவர் ஆழமாகக் கேள்வி கேட்பதை அவநம்பிக்கை என்று எடுத்துக்கொள்ளும் வாடிக்கையாளர்கள், கேள்விக்கு விடை கிடைத்தால் ஐயம் அங்கேயே தீர்ந்துவிடும் என்பதை உணர்வதில்லை.

பல ஆண்டுகளாக ஊர்ச் சொத்தையோ வைப்பையோ எழுதாமல் விட்டவர்களுக்குச் சட்டம் ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. விடுபட்டதைத் தாமாகவே முன்வந்து திருத்துபவரிடமிருந்து உரிய வரியும் வட்டியும் பெறப்படும், தண்டமாக விதிக்கப்படும் கூடுதல் வரி விதிக்கப்படாது. அந்தக் கூடுதல் வரி வழக்கமாக 20 விழுக்காடு. வேண்டுமென்றே மறைத்தது என்று முடிவானால் அது மேலும் ஏறும், பத்தாண்டு வரை பின்னோக்கியும் கணக்குக் கேட்கப்படலாம். வங்கி விவரங்களை நாடுகள் தமக்குள் தானாகவே பரிமாறும் உலகளாவிய ஏற்பாட்டில் நோர்வேயும் இந்தியாவும் 2017 முதல் பங்கேற்கின்றன. தாமாக முன்வந்தது என்று ஏற்கப்பட வேண்டுமானால், திணைக்களம் விசாரிக்கத் தொடங்கும் முன்பே திருத்தம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதனால்தான் இப்படி ஒரு குடும்பம் வந்து அமர்ந்ததும், தொகை எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன்பே, வரித்திணைக்களத்திலிருந்து ஏதேனும் கடிதம் வந்திருக்கிறதா என்று கணக்காளர் கேட்கிறார்.