கைக்கடிகாரம் உறக்கம் தருமா?

காலை நடைப்பயிற்சியில் உடன் வரும் நண்பரிடம், "இரவு நன்றாக உறங்கினீர்களா?" என்று கேட்டால் அவர் உடனே விடை சொல்வதில்லை. மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "72 மதிப்பெண்" என்கிறார். பணிக்காலம் முழுவதும் மதிப்பெண் போட்டுக் கொண்டிருந்த எனக்கே இது சற்று மிகையாகத் தோன்றுகிறது.

இந்த மதிப்பெண் எப்படிக் கிடைக்கிறது? உறக்க ஆய்வுக்கூடங்களில் மூளையின் மின்னலைகள், கண்ணசைவு, முகவாய்த் தசையின் இறுக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்கிறார்கள். கைக்கடிகாரமோ கையின் அசைவையும், பச்சை ஒளி பாய்ச்சி, தோலுக்கடியில் ஓடும் குருதியின் துடிப்பையும் அளந்து உறக்கத்தை ஊகிக்கிறது. அசையாமல் விழித்துக் கிடப்பவரையும் உறங்குபவராகக் கணக்கில் சேர்த்துவிடுவது உண்டு. உறங்கிய மொத்த நேரத்தை அது ஓரளவு சரியாகச் சொல்லும். ஆழ்ந்த உறக்கம் இத்தனை நிமிடம், கனவுறக்கம் இத்தனை நிமிடம் என்ற பிரிவினையை அப்படியே நம்புவதற்கில்லை.

அளவீடு துல்லியமானது என்றே வைத்துக்கொள்வோம். அளப்பதாலேயே நலம் கூடுமா? சிங்கப்பூரில் 800 ஊழியர்களிடம் நடந்த ஆய்வொன்றின் முடிவுகள் 2016-இல் வெளியாயின. கருவியோடு பணமும் பெற்ற குழுவினர் பரிசு கிடைத்த ஆறு மாதமும் கூடுதலாக நடந்தனர். பரிசு நின்றதும் அந்த வேகம் நிலைக்கவில்லை. உடல் எடையோ ரத்த அழுத்தமோ குறையவில்லை. ஓராண்டு முடிவில் கருவியைத் தொடர்ந்து அணிந்தவர்கள் பத்தில் ஒருவரே. அதே ஆண்டு வெளியான பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வில், கருவி அணிந்தவர்கள் இரண்டு ஆண்டுகளில் சராசரியாக 3.5 கிலோ எடை குறைந்தார்கள், அணியாதவர்கள் 5.9 கிலோ குறைந்தார்கள்!

உறக்கத்தில் சிக்கல் இன்னும் நுட்பமானது. நடக்க முயன்றால் நடக்கலாம். உறங்க முயன்றால் உறக்கம் விலகிப் போகும். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் உறக்கமின்மையால் அவதியுற்ற சிலருக்குக் கருவியை அணிவித்து, அது காட்டியதாகப் பொய்யான முடிவுகளைச் சொன்னார்கள். 'மோசமாக உறங்கினீர்கள்' என்று கேட்டவர்கள் அன்று பகலெல்லாம் கூடுதல் சோர்வை உணர்ந்தனர். நல்ல மதிப்பெண்ணுக்காக ஏங்கியே உறக்கம் கெடுபவர்களுக்காக 2017-இல் அமெரிக்க மருத்துவர்கள் 'ஆர்த்தோசோம்னியா' என்ற சொல்லையே உருவாக்கினார்கள். ஓர் அளவீடு இலக்காக மாறியதும் அளவீடாகப் பயன்படாமல் போகிறது என்பது பொருளாதாரத்தில் குட்ஹார்ட் விதி எனப்படும். பணவியல் கொள்கை குறித்து 1975-இல் எழுந்த அந்தக் கருத்து படுக்கையறைக்கும் பொருந்தும் என்று வகுப்பில் நான் சொன்னதில்லை.

கருவிகளால் பயனே இல்லை என்பதன்று என் வாதம். உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய்க்கான அறிகுறிகளை எச்சரிக்கும் வசதிக்கு 2024-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. அது நோயறிதல் ஆகாது. ஆனால் குறட்டையைப் பற்றி மனைவி ஆண்டுக்கணக்கில் சொல்லியும் கேளாதவர், கடிகாரம் சொன்னதும் மருத்துவரிடம் ஓடினால் நல்லதுதானே!

நாள்பட்ட உறக்கமின்மைக்கோ, மாத்திரைக்கு முன்பாக அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையே அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுவது, உறக்கம் வந்தால் மட்டுமே படுக்கைக்குச் செல்வது, வராவிட்டால் எழுந்துவிடுவது போன்றவையே அதன் கூறுகள். இதற்கு வேண்டியவை குறித்துவைக்க ஒரு நோட்டு, ஒரு பேனா, வழிநடத்தப் பயிற்சி பெற்ற ஓர் உளவியலர். நம் ஊர்களில் இந்த மூன்றாவதைத்தான் தேட வேண்டியிருக்கிறது.