உங்களுக்குத் தெரியுமா? புது ஸ்பீக்கர் ‘பழகுமா’?

“200 மணி நேரம் ஓட விடுங்க சார், அப்புறம்தான் சவுண்டு செட் ஆகும்.” புது ஸ்பீக்கரோ ஹெட்போனோ வாங்கப் போனால் காதில் விழும் பேச்சு. பிரேக்-இன், பர்ன்-இன் என்று இதற்குப் பெயரும் உண்டு. இதில் கொஞ்சம் உண்மை, மிச்சமெல்லாம் நம்பிக்கை.

● அந்தக் கொஞ்சம் உண்மை, ஸ்பீக்கரில் அதிரும் கூம்பான கோனுக்குப் பின்னால் இருக்கிறது. பேஸ் ஒலிக்கான ஊஃபர் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அலையலையாக மடித்த துணி வட்டம் தெரியும், பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில். அதுதான் ஸ்பைடர். ரெசினில் தோய்த்துச் சூட்டில் அழுத்திய துணி. கோனை அசைக்கும் வாய்ஸ் காயில் என்ற கம்பிச்சுருள் காந்தத்தில் உரசாமல் நடுவிலேயே ஆடும்படி பிடித்துக்கொள்வது இதன் வேலை. கோன் முதன்முதலில் நன்றாக அதிரும்போது ரெசினின் விறைப்பு சற்றுத் தளர்கிறது. ஊஃபரின் இயல்பு அதிர்வெண் கொஞ்சம் இறங்குகிறது. இது முதல் சில நிமிடங்களில் தொடங்கிச் சில மணி நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். பல பெட்டிகளில் அதன் விறைப்பே மேலோங்குவதால், காதுக்கு எட்டும் வித்தியாசம் மிகச் சொற்பம்.

● கேபிளும் பழக வேண்டும் என்பவர்கள் உண்டு. ஆனால் செம்புக் கேபிளில் அசையும் பாகமே கிடையாது. பழகுவதற்கு அதில் ஒன்றுமில்லை.

● ஹெட்போனில் நிஜமாகவே மாறுவது காது மெத்தை. அது அமுங்க அமுங்க, ஒலி எழுப்பும் டிரைவர் காதை நெருங்கும், பேஸ் மாறும். இயர்போனிலோ ரப்பர் முனை சரியாகப் பொருந்தாவிட்டால் பேஸ் காணாமலே போய்விடும். பெட்டியில் வரும் வேறு அளவு முனையைப் போட்டுப் பாருங்கள், அந்த நிமிடமே தெரியும்.

● உண்மையில் பழகுவது நாம்தான். ஒலியின் நுணுக்கம் அப்படியே நினைவில் நிற்பது சில நொடிகளே. போன மாதம் கேட்டதை இன்று கேட்பதோடு ஒப்பிட அது போதாது. அடிக்கடி சந்திக்கும் எதன்மீதும் விருப்பம் வளரும் என்று உளவியலாளர் ராபர்ட் சயோன்ஸ் 1968இல் எழுதினார். போதாக்குறைக்கு, சத்தம் ஒரு டெசிபல் கூடினாலே ‘இன்னும் தெளிவு’ என்று தோன்றும்.

● தினம் 2 மணி நேரம் கேட்டால் 200 மணி நேரம் முடிய 100 நாள். பல ஆன்லைன் கடைகளில் திருப்பித் தரும் அவகாசமோ 7 அல்லது 10 நாள்தான். முதல் வாரத்தில் பிடிக்காத ஒலியைப் ‘பழகட்டும்’ என்று வைத்திருக்காதீர்கள், தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

● பக்குவம் பார்த்து ஓட்ட வேண்டியது பழைய பொருளைத்தான். பரணில் பல வருடம் கிடந்த வால்வு ரேடியோவை நேரே 230 வோல்ட்டில் சொருகக் கூடாது. எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டருக்குள் இருக்கும் ஆக்சைடு படலம் நலிந்திருக்கும். கசிவு மின்சாரம் ஏறி, சூடாகி வெடிக்கவும் கூடும். விவரம் தெரிந்த மெக்கானிக் முதலில் கெப்பாசிட்டர்களைச் சோதிப்பார். தேறாததை மாற்றிவிட்டு, வேரியாக் வைத்து வோல்டேஜை மெல்ல மெல்ல ஏற்றுவார்.