மழை நீரும் மோட்டார் வண்டியும்

மழையோடும் கடலோடும் ஒருங்கே போராடி வாழும் நகரம் மும்பை. தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் மாதத்தின் இரண்டாம் வாரத்தில் இந்நகரை அடைவது வழக்கம். அன்று தொடங்கிச் செப்டம்பர் முடிய 2,000 மில்லிமீட்டருக்கு மேல் இங்கே மழை பெய்கிறது. சென்னை ஓராண்டு முழுவதிலும் பெறும் மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர்தான். ஆகவே, மாதுங்காவிலோ செம்பூரிலோ தாராவியிலோ குடியிருந்து, தவணைக் கடனில் ஒரு சிறு கார் வாங்கி ஓட்டும் ஒருவருக்கு, வண்டிப் பராமரிப்பு என்பது பெரும்பாலும் நீரிலிருந்து வண்டியைக் காக்கும் கலையே எனலாம். மழைக்கு முன்னும், மழையிலும், மழைக்குப் பின்னும் நாம் செய்யத்தக்கன எவை, தகாதன எவை என்பதை இங்கே சற்று ஆராய்வோம்.

பெய்த நீர் பெய்தவுடன் வடிந்துவிடுமாயின் தொல்லை இல்லை. ஆனால், மும்பையின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும் அளவில்தான், அதுவும் கடல் தாழ்ந்திருக்கும் வேளையைக் கருதி, அமைக்கப்பட்டவை. அவற்றைப் பெரிதாக்கும் வேலை பல ஆண்டுகளாக நடந்து வந்தாலும், கடல் ஏற்றமும் கனமழையும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் நீர் செல்ல வழியில்லாமல் தெருவிலேயே தேங்கிவிடுகிறது. மாதுங்காவின் கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பகுதிகளையும், பரேலை அடுத்த ஹிந்துமாதாவையும், சாந்தாகுரூஸின் மிலன் சுரங்கப் பாதையையும் அறியாத ஓட்டுநர் இந்நகரில் இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இக்கரையில் நண்பகலை ஒட்டியும் நள்ளிரவை ஒட்டியும் கடல் மிக உயரும். வானிலை அறிக்கையோடு கடல் ஏற்ற நேரத்தையும் பார்த்துவிட்டு வண்டியை வெளியே எடுப்பது செலவில்லாத ஒரு பாதுகாப்பு.

2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதியை மும்பை மறக்காது. அன்று காலை முதல் மறுநாள் காலை வரையில் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் பதிவான மழை 944 மில்லிமீட்டர். மித்தி ஆறு கரை கடந்தது. ஆயிரக்கணக்கான வண்டிகள் நின்ற இடத்திலேயே மூழ்கின. கதவையோ கண்ணாடியையோ திறக்க முடியாமல் வண்டிக்குள்ளேயே சிலர் உயிரிழந்தனர். ஆகவே நாம் பேசப்போவது பொருளைப் பற்றி மட்டுமன்று. உயிரைப் பற்றியும் ஆகும்.

நீரில் வண்டி நின்றுவிட்டால் நம்மவர் உடனே செய்வது என்ன? சாவியைத் திருகுவதுதான். இரண்டு முறை, மூன்று முறை, பிடித்தால் போதும் என்று திருகிக்கொண்டே இருப்பார்கள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்ப்பது பயனுள்ளது. 1944-இல் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் குர்லாவில் பியட் வண்டிகளைச் செய்தது. பின்னாளில் பத்மினி எனப் பெயர் பெற்ற அந்த வண்டி, கறுப்பும் மஞ்சளுமாகிய டாக்சி உருவில் இந்நகரத் தெருக்களை நிறைத்திருந்தது. 2003-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி பதிவான கடைசி பத்மினி டாக்சியின் 20 ஆண்டுக் காலக்கெடு முடிந்து, 2023 அக்டோபரில் அது விடைபெற்றது. அந்தக் காலத்து வண்டிகளில் தீப்பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் என்னும் பகுதி உண்டு. அதன் மூடிக்குள் ஈரம் புகுந்தால் பொறி பிறக்காது, எஞ்சின் நின்றுவிடும். ஓட்டுநர் இறங்கி, மூடியைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி முடுக்குவார், வண்டி கிளம்பிவிடும். சிலிண்டருக்குள் நீர் புகும் முன்பே பொறி அணைந்துவிட்டதால், அந்தப் பலவீனமே பல வேளைகளில் எஞ்சினுக்குக் காவலாக அமைந்தது.

இன்றைய வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. மின் இணைப்புகள் ரப்பர் உறையிட்டு இறுக மூடப்பட்டுள்ளன. ஆகையால் முழங்கால் நீரிலும் எஞ்சின் நிற்காமல் ஓடும். காற்றை உறிஞ்சும் குழாயின் வாய்க்கு நீர் எட்டும்போதுதான், காற்றுக்குப் பதிலாக நீரைக் குடித்து அது நிற்கும். அதாவது, அன்று வண்டி நின்றது பொறி நனைந்ததால். இன்று நிற்பது பெரும்பாலும் சிலிண்டர் நனைந்ததால். அன்றைய வழக்கத்தை இன்று பின்பற்றுவதனால் விளையும் கேடு மிகப் பெரிது.

அது எவ்வாறு என்று பார்ப்போம். எஞ்சினில் பிஸ்டன் மேலே எழும்பும்போது சிலிண்டரில் உள்ள காற்றை ஒரு சிறிய இடத்துக்குள் அமுக்குகிறது. நான்கு சிலிண்டர்களும் 1,200 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய ஒரு பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் கடக்கும் இடம் 300 கன சென்டிமீட்டர். அமுக்க விகிதம் பத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சியை அடையும்போது அதன் தலைக்கு மேல் மிஞ்சும் இடம் ஏறத்தாழ 33 கன சென்டிமீட்டர். இரண்டு மேசைக் கரண்டி நீர் அதை நிரப்பிவிடும். அமுக்க விகிதம் மிகுதியான டீசல் எஞ்சினிலோ அந்த இடம் இன்னும் குறுகியது. காற்று அமுங்கும், நீர் அமுங்காது. எனவே உள்ளே புகுந்த நீர் அந்த அளவை மீறினால், மேலே செல்லும் பிஸ்டன் பாறையில் மோதியது போலத் தடைப்படுகிறது. அதைத் தாங்கி நிற்கும் கனெக்டிங் ராடு வளைகிறது, அல்லது உடைந்து எஞ்சினின் உடலையே துளைத்துவிடுகிறது. பல மாதச் சம்பளத்தை விழுங்கும் இச்சேதம் ஒரு நொடியில் நிகழ்வது.

ஆகவே, இக்கட்டுரையில் நாம் மனத்தில் இருத்த வேண்டிய விதி ஒன்றே: நீரில் நின்றுவிட்ட வண்டியை மீண்டும் முடுக்கலாகாது. சாவியை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, நாலு பேர் கைகொடுக்க மேட்டுக்குத் தள்ளிச் செல்லலாம். தள்ளிக்கொண்டே கியரைப் போட்டுக் கிளப்பிப் பார்ப்பதும் சாவியைத் திருகுவதற்கு ஒப்பான தவறே. பொத்தானை அழுத்தி முடுக்கும் வண்டிகளுக்கும் இது பொருந்தும். சிக்னலில் தானே நின்று தானே கிளம்பும் வசதி உடைய வண்டியானால், நீர் தேங்கிய தெருவில் நுழையும் முன் அந்த வசதியை அணைத்துவிட வேண்டும். இன்னொரு செய்தி: நீர் புகுந்த எஞ்சினை முடுக்கியதால் நேர்ந்த சேதத்தைச் சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. எஞ்சின் பாதுகாப்புக்கெனத் தனியே ஒரு சேர்க்கை உண்டு. தாழ்ந்த பகுதியில் குடியிருப்போர் பாலிசியைப் புதுப்பிக்கும்போது அதைக் கேட்டுப் பெறுவது நலம்.

வண்டி பட்டறைக்கு வந்தபின் நடக்க வேண்டிய முறையையும் உடையவர் அறிந்திருக்க வேண்டும். முதலில் பாட்டரியின் இணைப்பைக் கழற்றுவார்கள். காற்று வடிகட்டி நனைந்துள்ளதா என்று பார்ப்பார்கள். எண்ணெய் அளவு காட்டும் கம்பியை உருவினால், எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்குமாயின் அதில் நீர் கலந்துவிட்டது என்பது பொருள். பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கையால் மெல்லச் சுழற்றினால் சிலிண்டரில் நின்ற நீர் அத்துளைகளின் வழியே வெளியே வரும். பின்னர் எஞ்சின் எண்ணெயையும் வடிகட்டிகளையும் மாற்றி, கியர்ப் பெட்டியின் எண்ணெயையும் சோதித்த பிறகே முடுக்க வேண்டும். மின்சாரக் கார்களுக்கு இக்கவலை இல்லை. ஆனால் அவற்றின் பெரிய பாட்டரியில் உயர் அழுத்த மின்சாரம் உண்டாதலால், மூழ்கிய வண்டியைப் பயிற்சி பெற்றவரன்றிப் பிறர் தொடுதல் ஆகாது.

தவிர்க்க முடியாமல் நீரைக் கடக்க நேர்ந்தால் அளவறிந்து கடக்க வேண்டும். முன்னே செல்லும் வண்டியின் சக்கரம் பாதிக்கு மேல் மறைந்தால் நாம் திரும்பிவிடுவதே அறிவுடைமை. ஓடும் நீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சிறு காரை இழுத்துச் செல்லக்கூடும். 60 சென்டிமீட்டர் ஆனால் பெரும்பாலான கார்கள் மிதக்கத் தொடங்கும். குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு, முதல் கியரில், ஒரே சீரான மெதுவான வேகத்தில் செல்ல வேண்டும். எதிரே பஸ்ஸோ லாரியோ வந்தால் அது எழுப்பும் அலை அடங்கும்வரை ஒதுங்கி நிற்பது நல்லது. நீர் அளவாக இருந்தும் அந்த அலையால் கெட்ட எஞ்சின்கள் உண்டு. கடந்த பிறகு சிறிது தூரம் பிரேக்கை மெல்ல அழுத்தியபடி ஓட்டினால் அதன் ஈரம் உலரும்.

நீர் ஏறிக்கொண்டே இருக்குமாயின் வண்டியை மறந்து உயிரை நினைக்க வேண்டும். கதவின் அடிவிளிம்புக்கு மேல் வெளியே 60 சென்டிமீட்டர் நீர் நின்றால், ஒரு மீட்டர் அகலமுள்ள கதவை அது ஏறத்தாழ 180 கிலோகிராம் எடைக்குச் சமமான பலத்துடன் அழுத்துகிறது. உள்ளே இருப்பவர் தள்ளித் திறப்பது அரிது. ஆகவே நீர் கதவைத் தொட்டவுடனேயே ஜன்னல் கண்ணாடியை இறக்கி வைத்துவிட வேண்டும். மின்சாரம் நின்றபின் கண்ணாடி இறங்காமற் போகலாம். கண்ணாடி உடைக்கும் சிறு சுத்தியல் ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பது அவசியம். அதைக் கொண்டு பக்கக் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும். முன்கண்ணாடி இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே ஒரு படலம் வைத்து ஒட்டியது. அது விரிசல் விடுமேயன்றி எளிதில் வழிவிடாது.

இனி, வெள்ளம் வருமுன் அணை கோலும் வேலைகள். மே மாதத்திலேயே துடைப்பான் ரப்பரை மாற்றிவிடலாம். வெயிலில் காய்ந்த ரப்பர் முதல் மழையில் கண்ணாடியைக் கீறும். டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். ஈரச் சாலைக்கு 3 மில்லிமீட்டர் இருப்பது உத்தமம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. இரண்டாண்டுக்கு ஒரு முறை அதை மாற்ற வேண்டும். மாதுங்காவைப் போல் மரங்கள் அடர்ந்த தெருக்களில் நிறுத்தும் வண்டிகளுக்குத் தனியாக ஒரு கவனம் வேண்டும். முன்கண்ணாடிக்கு அடியில் உள்ள வடிகால் துளைகளில் இலைச் சருகு அடைத்துக்கொள்ளும். அப்போது மழை நீர் வண்டிக்குள் இறங்கி, காலடி விரிப்பை நனைத்துவிடும். பலர் அதை ரப்பர் ஒழுக்கு என்று எண்ணிப் பணம் செலவழிக்கிறார்கள். சருகை வாரி எடுத்தாலே போதும். கதவுகளின் அடியிலும் இத்தகைய துளைகள் உண்டு. அவை அடைபட்டால் நீர் உள்ளே தங்கி, உப்புக் காற்றோடு சேர்ந்து தகட்டை அரிக்கும்.

வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியும் கூறுவது கடமை. எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்று கிடைக்கும் என்று கருதி, காற்று வடிகட்டியைக் கீழே பம்பருக்கருகில் கொண்டு வைக்கும் மோகம் இளைஞர்களிடையே உண்டு. மும்பை மழையில் இது எஞ்சினுக்கு நாமே நீர் புகட்டுவதாகும். கூடுதல் விளக்குக்கும் ஹாரனுக்கும் கம்பியை வெட்டி, துணி நாடா சுற்றி இணைப்பதும் தவறு. அந்த இணைப்பில் ஈரம் புகுந்து பச்சை பிடித்து மின்கசிவு ஏற்படும். அடித்தளத்துக்குத் துரு எதிர்ப்புப் பூச்சு பூசுவது நன்றே. ஆனால் வடிகால் துளைகளைச் சேர்த்துப் பூசிவிட்டால் நன்மையே தீமையாகும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மனம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. இயற்கை எரிவாயுச் சாதனம் பொருத்துவோர், அங்கீகாரம் பெற்ற சாதனத்தையே பொருத்தி, பதிவுச் சான்றிதழில் குறிக்கச் செய்ய வேண்டும். சுமார் 200 மடங்கு காற்றழுத்தத்தில் வாயுவைத் தாங்கும் அந்த உருளையை 3 ஆண்டுக்கு ஒரு முறை சோதித்துச் சான்று பெறுவது கட்டாயம். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாயின், கெடு வரும்வரை காத்திராமல் உருளையையும் அதைப் பிடித்திருக்கும் பட்டைகளையும் உடனே காட்டிவிட வேண்டும்.

பழைய கார் வாங்குவோருக்கு ஒரு சொல். மும்பையில் 2005-இலும் சென்னையில் 2015 டிசம்பரிலும் நேர்ந்தது போன்ற ஒரு வெள்ளத்துக்குப் பின், மூழ்கிய வண்டிகள் மெருகேற்றப்பட்டுச் சந்தைக்கு வருவதுண்டு. இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடு தென்படும். இருக்கையை நகர்த்தும் தண்டவாளத்தின் திருகுகளில் துரு, விளக்குக் கண்ணாடிக்குள் நீர்த்திவலை, விரிப்பின் அடியில் முடை நாற்றம் ஆகியவை எல்லாம் சாட்சி சொல்லும். விலை எவ்வளவு மலிவானாலும் அத்தகைய வண்டியை நாடாதிருப்பதே நன்று.

வண்டியை ஓட்டுவோர் அனைவரும் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. ஆனால், வீட்டில் சாவியைத் தொடும் ஒவ்வொருவருக்கும், அது மனைவியாயினும் மகனாயினும் கூலிக்கு ஓட்டும் டிரைவராயினும், மேலே சொன்ன ஒரு விதியை மழைக்கு முன் சொல்லிவைக்க வேண்டும். பட்டறைக்காரரின் தொலைபேசி எண்ணையும், வண்டியைத் தூக்கிச் செல்பவரின் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி வண்டியிலேயே வைத்துவிடலாம். நீரில் நின்ற நேரத்தில் கை தானாகச் சாவிக்குப் போகாமல் அந்தச் சீட்டுக்குப் போகுமானால், எஞ்சின் பிழைக்கும்.