ஸ்கூட்டருக்கு மாற்று டயர்: உப்பளக் கரை விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

மரக்காணம் வட்டாரத்தில் வேர்க்கடலை, தர்பூசணி, சவுக்கு பயிரிடும் சிறு விவசாயிக்கு இன்று மொபெட்டும் ஸ்கூட்டரும் வண்டி மாட்டுக்குச் சமம். உர மூட்டை, விதை, பால் கேன், சந்தைக்குப் போகும் காய் எல்லாம் அதன் மேல்தான் ஏறுகின்றன. மாட்டுக்கு லாடம் தேய்ந்தால் உடனே கட்டிவிடும் நாம், வண்டிக்கு டயர் தேய்ந்தால் "இன்னும் ஒரு மாதம் ஓடட்டும்" என்று தள்ளிப் போடுகிறோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில், பின்னால் மனைவியையோ பிள்ளையையோ வைத்துக்கொண்டு போகும்போது, அந்த ஒரு மாதச் சிக்கனம் உயிருக்கே உலை வைக்கலாம். ஆகவே டயரை எப்போது மாற்றுவது, எதைப் பார்த்து வாங்குவது என்பதை இங்கே காண்போம்.

எப்போது மாற்றுவது?

டயரின் பட்டன் பள்ளத்துக்குள் குறுக்கே சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். டயரின் பக்கச் சுவரில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ சிறு முக்கோணக் குறியோ உள்ள இடத்துக்கு நேரே பார்த்தால் அவை தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது. இரு சக்கர வாகன டயரின் பள்ளம் 0.8 மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி.

பட்டன் இருந்தாலும், பக்கச் சுவரில் வெடிப்பு, வீக்கம், நூல் தெரிதல் ஆகியவற்றில் ஒன்று காணப்பட்டால் டயரைக் கழற்றிவிட வேண்டும். வெயிலில் கிடக்கும் வண்டியின் டயர் ஓடாமலே வெடிக்கும் என்பதை மறக்கக் கூடாது. தேய்ந்த டயரில் கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டித் தருவதாகச் சொன்னால் ஏற்காதீர்கள். அப்படி வெட்டினால் நூலைக் காக்கும் ரப்பர்தான் குறையும், டயர் புதிதாகாது.

அளவும் எண்களும்

பழைய டயரின் பக்கச் சுவரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, அதை வண்டியின் கையேட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்தபின் கடைக்குப் போக வேண்டும். முன்பு வேறு அளவில் யாரேனும் மாட்டியிருக்கக் கூடும்.

பஜாஜ் சேத்தக் போன்ற பழைய ஸ்கூட்டர்களின் அளவு 3.50-10. அதாவது டயரின் அகலம் மூன்றரை அங்குலம். ரிம்மின் விட்டம் 10 அங்குலம். டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 மொபெட்டின் அளவு 2.50-16. புதிய ஸ்கூட்டர்களில் 90/100-10 என்றிருந்தால், அகலம் 90 மில்லி மீட்டர், உயரம் அகலத்தில் நூற்றுக்கு நூறு, ரிம் 10 அங்குலம் என்று பொருள். சில வண்டிகளில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு அளவு. ஆக்டிவா 6ஜி வண்டிக்கு முன்னால் 90/90-12, பின்னால் 90/100-10. அகலமான டயர் போட்டால் அதிகச் சுமை தாங்கும் என்று நினைத்து அளவை மாற்றினால், அது மட்கார்டில் உரசும். ரிம்மிலும் சரியாக உட்காராது.

சுமைக் கணக்கு

அளவுக்கு அடுத்து 41எல், 53ஜே என்பது போல ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் சுமையைக் குறிக்கும். எழுத்து வேகத்தைக் குறிக்கும். 41 என்றால் அந்த டயர் 145 கிலோ தாங்கும். 51 என்றால் 195 கிலோ. 53 என்றால் 206 கிலோ. ஜே என்பது மணிக்கு 100 கிலோ மீட்டர், எல் என்பது 120 கிலோ மீட்டர். நமக்கு வேகத்தைவிடச் சுமைதான் முக்கியம். கையேட்டில் உள்ள எண்ணைவிடக் குறைந்த எண்ணுள்ள டயரை, விலை மலிவு என்பதற்காக வாங்கக் கூடாது.

எக்ஸ்.எல். 100 வண்டிக்கு ஓட்டுபவரையும் சேர்த்து ஏற்றக்கூடிய சுமை 130 கிலோ. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றை ஏற்றினால் 105 கிலோ. இன்னொரு மூட்டை ஏறினால் 150 கிலோ ஆகிவிடும். பின்னால் கட்டும் மூட்டையின் பாரம் பெரும்பாலும் பின் டயரின் மேல்தான் விழுகிறது. டயர் சீக்கிரம் தேய்கிறது என்று கம்பெனியைக் குறை சொல்லுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு நடை போவது புது டயரைவிட மலிவு.

டயரின் வயது

பக்கச் சுவரில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றிருந்தால் 2025ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். கடையில் பல ஆண்டு கிடந்த டயரின் ரப்பர் இறுகிப்போயிருக்கும். ஈரச் சாலையில் பிடிக்காது. ஆகவே இந்த எண்ணையும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பார்த்தே வாங்குங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். புதிய இரு சக்கர வாகன டயருக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ரசீது இருந்தால்தான் அதைச் சரிபார்க்க முடியும். டயரில் குறை இருந்தால் முறையிடவும் முடியும்.

உப்பு எதைக் கெடுக்கிறது?

உப்புத் தண்ணீர் டயரை அரிக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். ரப்பரை உப்பு அதிகம் பாதிப்பதில்லை. வெயிலும் காற்றுக் குறைவும்தான் அதைக் கெடுக்கின்றன. உப்பு தின்பது இரும்பை. உப்பளப் பாதையில் ஓடும் வண்டியின் ரிம், கம்பி, நிப்பிள் ஆகியவை உள்ளே துருவேறும். துருச் செதில்கள் ட்யூபை உரசி ஓட்டையாக்கும். அடிக்கடி ஒரே இடத்தில் பஞ்சர் ஆனால், முள்ளைத் தேடுவதை விட்டு ரிம்மைப் பாருங்கள். ட்யூப் இல்லாத டயரானால், ரிம் விளிம்பில் அரிப்பு ஏற்பட்டு, அந்த வழியே காற்று கசியும்.

ஆகவே டயர் மாற்றும் நாளே ரிம்மைப் பழுது பார்க்கும் நாள். துருவைத் தேய்த்தெடுத்து, பெயின்ட் அடித்து, உலர்ந்தபின் கம்பிகளின் மேல் புதிய ரப்பர் பட்டை போட வேண்டும். ரிம் ஓட்டை விழும் அளவுக்கு அரித்திருந்தால் அதையும் மாற்றிவிடுவது நல்லது. உப்பளத்துக்குப் போய் வந்த நாட்களில் நல்ல தண்ணீரால் சக்கரங்களைக் கழுவுங்கள்.

மாட்டும்போது

1. புது டயருக்குப் புது ட்யூப் போடுங்கள். பழைய ட்யூப் விரிந்துபோயிருப்பதால் உள்ளே மடிந்து வெடிக்கும்.

2. டயரை ஏற்ற சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸ், டீசல், மண்ணெண்ணெய் தடவக் கூடாது. அவை ரப்பரை உப்பச் செய்யும்.

3. பக்கச் சுவரில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் சுழலும் திசையில் அது இருக்க வேண்டும்.

4. சேத்தக் போன்ற வண்டிகளில் ரிம் இரண்டு பாதியாகக் கழலும். காற்றை முழுவதும் இறக்காமல் அந்த நட்டுகளைத் தொடவே கூடாது. பாதி ரிம் பறந்து வந்து முகத்தில் அடிக்கும்.

5. பின்னால் தேய்ந்த டயரை முன்னால் மாற்றிப் போடாதீர்கள். பின் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க வாய்ப்பு உண்டு. முன் சக்கரம் வழுக்கினால் விழுவது நிச்சயம்.

மாட்டிய பிறகு

புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 100 கிலோ மீட்டர் வரை திருப்பங்களில் சாயாமல், அதிகச் சுமை ஏற்றாமல், மெதுவாக ஓட்ட வேண்டும். உப்பு லாரிகள் சிந்திய ஈரத்திலும், மழைக்குப்பின் உப்பளக் களிமண் படிந்த சாலையிலும் எந்த டயரும் வழுக்கும். அங்கே திடீர் பிரேக் போடக் கூடாது.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, வண்டியை எடுக்குமுன் காலையில், சூடேறாத டயரில் காற்றைச் சோதியுங்கள். தனியாகப் போகும்போது எத்தனை பவுண்டு, சுமையுடன் போகும்போது எத்தனை பவுண்டு என்பது கையேட்டில் இருக்கும். அதை மட்கார்டின் உள்பக்கத்தில் பெயின்டால் எழுதி வைத்துக்கொண்டால் வேறு யார் வண்டியை எடுத்தாலும் பயன்படும். காற்று குறைந்த டயரின் இரு ஓரமும் தேயும். காற்று மிகுந்த டயரின் நடு தேயும். பழைய டயரைத் தூக்கி எறியுமுன் அது எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். புது டயரை எப்படிக் காப்பது என்பதை அதுவே சொல்லிவிடும்.